அனுப்பியது ஒன்று, தோன்றியது ஒன்று

எழுத்து வேறு, அதன் வரிவடிவம் வேறு என்பது தமிழ் இலக்கணம் பயில வருவோருக்குத் தொடக்கத்திலேயே சொல்லப்படும் செய்தி. ககரம் தமிழியில் சிலுவை போல நின்றது; வட்டெழுத்தில் வளைந்தது; அச்சில் இன்றைய உருவம் கொண்டது. எந்த உருவில் வந்தாலும் அது ககரமே. ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லிவரும் நாம், இந்தப் பழைய பாடம் கைபேசித் திரையில் இவ்வளவு கூர்மையாக நம்மைத் தேடிவரும் என்று எண்ணியதில்லை.

கைபேசியில் ஒரு குறியைத் தட்டி அனுப்பும்போது ஒரு படத்தை அனுப்புவதாகவே பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் போவது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு உரிய உருவத்தைப் பெறுபவரின் கைபேசி தன்னிடமுள்ள எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. நாம் பார்த்து அனுப்பிய உருவமும் அவர் பார்க்கும் உருவமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. ஓலைக்கட்டில் எழுத்தாணியால் கீறியவனின் எழுத்து கீறியபடியே போய்ச் சேர்ந்தது. நம்முடையது வழியில் வேறு ஆடை மாற்றிக்கொண்டு போகிறது.

எமோஜி என்ற சொல்லிலேயே இதன் வரலாறு ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் 'எமோஷன்' என்ற சொல்லோடு இதற்கு உறவு ஏதும் இல்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. பட எழுத்து என்பதே பொருள். 1999இல் டோகோமோ நிறுவனத்தின் கைபேசிச் சேவைக்காக ஷிகெதாகா குரிதா உருவாக்கிய 176 குறிகள் புகழ்பெற்றவை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கிய அந்தச் சிறு உருவங்களை 2016இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அவருக்கு முன்பே, 1997இல், ஜப்பானின் இன்னொரு கைபேசியில் 90 குறிகள் வந்திருந்தன. ஒரு நிறுவனத்தின் குறி இன்னொரு நிறுவனத்தின் கைபேசியில் தெரியாத நிலை நெடுநாள் இருந்தது. 2010இல் வெளியான யூனிகோடின் ஆறாம் பதிப்பு எமோஜிகளைப் பெருந்தொகையாக உள்வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பொது எண் கொடுத்தது.

தமிழில் இணையத்தை முதலில் தொட்ட தலைமுறைக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. டிஸ்கியும் டாமும் டாபும் பாமினியும் தத்தம் எண்களோடு திரிந்த காலத்தில், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு கட்டுரையைத் திறந்தால் பக்கம் முழுவதும் பூச்சி பூச்சியாய் ஊரும். ஒருங்குறி வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. எண் ஒன்றானது. எண் ஒன்றானதால் உருவமும் ஒன்றாகிவிட்டது என்று நாம் நிம்மதி கொண்டோம். அங்கேதான் சிக்கல் எஞ்சியிருக்கிறது.

ஒருங்குறியில் சில குறிகளுக்கு இரட்டைப் பிறவி. சூரியன், மேகம், குடை, தொலைபேசி, கடித உறை, கத்தரிக்கோல், வானூர்தி, இதயம் போன்றவை எமோஜி வருவதற்கு நெடுநாள் முன்பே, 1993ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, அச்சுக்கோப்பவர்கள் பயன்படுத்தும் கறுப்பு வெள்ளைக் குறிகளாக இருந்தவை. பின்னர் எமோஜிகள் வந்தபோது அதே எண்கள் வண்ணப் படங்களுக்கும் உரியவையாயின. ஆகவே சூரியனுக்கு உரிய ஒரே எண், ஓரிடத்தில் மெல்லிய கதிர்களோடு கூடிய கறுப்புக் கோட்டுருவமாகவும் இன்னோரிடத்தில் பளபளக்கும் மஞ்சள் உருண்டையாகவும் தோன்றலாம். முன்னதை எழுத்துத் தோற்றம் என்றும் பின்னதை எமோஜித் தோற்றம் என்றும் வழங்குகிறார்கள்.

இந்த வேறுபாடு அற்பமானதா? எம் துறையில் பயிலும் ஒரு மாணவியின் கவிதை அப்படி நினைக்க விடவில்லை.

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் அவர், தம் அப்பத்தா மறைந்ததை எழுதியிருந்தார். ஐந்து பத்திகள், நோயில் விழுந்த நாள்முதல் ஐந்தாம் நாள் முடிய, நாளுக்கு ஒன்று. மொட்டை மாடியில் அப்பத்தா பிழிந்து காயவைத்த வடகம் எடுப்பாரில்லாமல் ஐந்து வெயிலும் கண்டு, வெளுத்து, நொறுங்கிப் போகிறது. வீட்டில் ஒருவருக்கும் அது நினைவில்லை. ஐந்தாம் நாள் மாலை, வந்தவர்களுக்குப் பாய் எடுக்க மாடிக்கு ஏறும் சிறுமி அதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கவிதை. அழுகை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. பத்திகளுக்கு இடையே ஒவ்வொரு சூரியக் குறியை மட்டும் வைத்திருந்தார். அவருடைய கணினியில் அது ஒற்றைக் கறுப்புக் கோட்டில், வாசலில் இழுத்த சிறு கோலம் போலத் தெரிந்தது. வெயில் ஏறி இறங்கி ஒரு நாள் போயிற்று என்பதை அந்தக் குறி சொல்லாமல் சொல்லிற்று.

அதைக் கைபேசியில் ஒரு செயலி வழியே உறவினர்க்கும் நண்பர்க்கும் அனுப்பினார். போய்ச் சேர்ந்தவை கொழுத்த மஞ்சள் சூரியன்கள். கடலைமிட்டாய் உறையில் அச்சிட்டது போன்ற ஒளி. தோழியர் சிலர் 'அழகு' என்று பதில் போட்டனர். சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "எங்காத்தா செத்ததுக்குப் பாட்டெழுதி, நடுவுல பொம்மை ஒட்டி வச்சிருக்கியே தாயி" என்றாராம். மறுநாள் துறைக்கு வந்த மாணவி கைபேசியை நீட்டி, "ஐயா, நான் வைச்ச சூரியன் இது இல்ல" என்றார்.

சித்தப்பாவின் வருத்தத்தில் பிழை காண முடியாது. அவர் பார்த்ததைச் சொன்னார். மாணவி எழுதியதிலும் பிழை இல்லை. ஒரே எண்தான் இருவர் திரையிலும் இருந்தது. இடையில் ஒரு மென்பொருள் துக்கத்துக்கு வண்ணம் பூசியிருக்கிறது.

இதற்கு வழி உண்டா என்று தேடியபோது, வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. 'வேரியேஷன் செலக்டர்' எனப்படும் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒருங்குறியில் உள்ளன. மாறுபாட்டுத் தெரிவி என்று தமிழில் சொல்லலாம். குறியை அடுத்து 15ஆம் தெரிவியை இட்டால் எழுத்துத் தோற்றம் வேண்டும் என்று பொருள்; 16ஆம் தெரிவியை இட்டால் வண்ணத் தோற்றம். 2012இல் வெளியான 6.1 பதிப்பில் இந்த ஏற்பாடு எமோஜிகளுக்கு முறையாக வகுக்கப்பட்டது. எதுவும் இடாவிட்டால் எந்தத் தோற்றம் இயல்பானது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின்படி சூரியக் குறிக்கு எழுத்துத் தோற்றமே இயல்பு. பட்டியல் அப்படிச் சொன்னாலும், செயலிகள் பல தம் விருப்பப்படி வண்ணத்தையே எடுத்துப் போடுகின்றன.

தெரிவியை இட்டுப் பார்த்தோம். கைபேசியின் விசைப்பலகையில் அதற்கு விசை கிடையாது. வேறிடத்திலிருந்து படியெடுத்துக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். முதல் கைபேசியில் கறுப்புக் கோட்டுச் சூரியன் மீண்டது. மாணவியின் முகம் தெளிந்தது. இரண்டாவது கைபேசியில் மஞ்சள் அப்படியே நின்றது. மூன்றாவதில் ஒரு செயலியில் கறுப்பு, அடுத்த செயலிக்கு அதையே அனுப்பினால் மஞ்சள். எழுதுபவர் வேண்டுகோள் விடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் செயலியின் கையில் இருக்கிறது.

ஏன் இப்படி? கைபேசி ஒரு குறியைக் காட்டும் முறையைச் சிறிது அறிந்தால் விளங்கும். ஒரே எழுத்துருவில் உலகின் எல்லா எழுத்துகளும் இருப்பதில்லை. தமிழுக்கு ஒன்று, அரபிக்கு ஒன்று, எமோஜிக்கு ஒன்று என்று கைபேசியில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். முதல் கடையில் இல்லாத சரக்கை அடுத்த கடையில் கேட்டு வாங்கித் தருவது போல, ஒன்றில் இல்லாத குறியை அடுத்ததில் தேடுவார்கள். எமோஜிக் கடை முன்னால் இருந்தால் வண்ணச் சூரியன் கிடைக்கும். பழைய குறிகளின் கடை முன்னால் இருந்தால் கறுப்புச் சூரியன். தெரிவியின் வேலை, 'இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பது. சீட்டைப் படிக்காமலே சரக்கை எடுக்கும் செயலிகளும், கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் குப்பை என்று சீட்டையே கிழித்துவிடும் செயலிகளும் இருக்கின்றன.

செயலி எழுதுவோர் கையில் கருவிகள் இல்லாமலில்லை. 2017 முதல் ஆண்ட்ராய்டு செயலிகள் எமோஜி எழுத்துருவைத் தம்மோடு கொண்டுவருவதற்கான நிரல்தொகுதி உண்டு. பழைய கைபேசியிலும் புதிய எமோஜி கட்டமாகாமல் தெரிய அதுவே உதவுகிறது. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் விதிகளில், ஒரு பத்தியில் வரும் இரட்டைப் பிறவிக் குறிகளை எல்லாம் எழுத்தாகக் காட்டு அல்லது எமோஜியாகக் காட்டு என்று ஒரே வரியில் சொல்லும் விதியும் வந்துவிட்டது. கருவி இருந்தும் அதைக் கையாள்வோர் எத்தனை பேர் என்பதே கேள்வி. மஞ்சள் சூரியன் யாரையும் புண்படுத்தாது என்று ஒரு நிரலாளர் நினைத்தால் அதில் வியப்பில்லை. அவர் முன் அந்தக் கவிதை இல்லை.

கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் களைவதால் வேறு மொழிகளுக்கும் இடர் நேர்ந்திருக்கிறது. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு 2008 வரை தனி எண் கிடையாது. மெய்யெழுத்தை அடுத்து 'இணைப்பான்' எனப்படும் புலப்படாக் குறியை இட்டே அவற்றைப் பெற்றார்கள். அந்தக் குறி களையப்பட்டால் சில்லெழுத்து உருமாறிச் சந்திரக்கலையோடு நிற்கும். இதே இணைப்பான்தான் இன்று எமோஜிக் குடும்பத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. தந்தை, தாய், மகள் என்று மூன்று தனிக் குறிகளுக்கு இடையே இரண்டு இணைப்பான்கள். அவற்றை அறியாத கைபேசியில் குடும்பம் பிரிந்து மூவரும் தனித்தனியே நிற்பர். கூட்டுக் குடும்பம் தனிக்குடித்தனம் ஆகிவிடும். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து வந்து விழுந்தவுடன் ஐபோன் செயலிகள் முடங்கின. அதைச் சரிசெய்ய ஆப்பிள் நிறுவனம் தனியே ஒரு திருத்தப் பதிப்பு வெளியிட நேர்ந்தது. கோடிக்கணக்கானோரின் தாய்மொழியில் உள்ள ஓர் எழுத்து, அதுவரை எவரும் வைத்துப் பாராத சோதனையாக அங்கே இருந்திருக்கிறது.

குறிகள் சிதைவதில் மூன்று வகை உண்டு என்று நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. வெற்றுக் கட்டம் தெரிந்தால், எண் ஒழுங்காக வந்திருக்கிறது, அதற்குரிய உருவம் கைபேசியில் இல்லை என்று பொருள். இந்தக் கட்டங்களுக்குத் 'தோஃபு' என்று பட்டப்பெயர். தோஃபு ஒழிக என்னும் கருத்தில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்தது. கேள்விக்குறிகள் தெரிந்தால், வழியில் ஏதோ ஒரு தரவுக்கிடங்கில் எண்ணே தொலைந்துவிட்டது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் போதும், எமோஜிகள் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வேண்டும். மூன்றுக்கு மேல் இடம் கொடாத பழைய அமைப்பில் தமிழ் தப்பிப் பிழைக்கும், எமோஜி மாண்டுபோகும். இந்த இரண்டிலும் பழுது கண்ணுக்குத் தெரிகிறது. படிப்பவர், 'ஏதோ சரியாக வரவில்லை, மறுபடி அனுப்பு' என்று கேட்டுவிடுவார். மூன்றாம் வகைதான் கொடியது. வேறோர் உருவம் முழுமையாக, பழுதின்றி வந்து நிற்கும். படிப்பவருக்கு ஐயமே எழாது. எழுதியவரின் எண்ணம் அதுதான் என்று முடிவு கட்டிவிடுவார். சித்தப்பாவுக்கு நேர்ந்தது அது.

இதில் உருவம் பிற்காலத்தில் மாறும் வேடிக்கையும் உண்டு. 2016இல் ஆப்பிள் நிறுவனம் கைத்துப்பாக்கி எமோஜியைப் பச்சை நிற நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. மற்ற பெருநிறுவனங்கள் 2018இல் பின்தொடர்ந்தன. 2024இல் எக்ஸ் தளம் மீண்டும் உண்மைத் துப்பாக்கிக்குத் திரும்பிற்று. மாறியது எண்ணன்று, அதன் உருவம். ஆகவே என்றோ அனுப்பிய பழைய செய்திகளிலும் துப்பாக்கி தானாகவே மாறிக்கொண்டது. கொலைமிரட்டல் விளையாட்டாகலாம்; விளையாட்டு மிரட்டலாகலாம். 2016இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே சிரிப்பு எமோஜி வெவ்வேறு நிறுவனங்களின் உருவில் காட்டப்பட்டபோது பார்த்தவர்கள் ஒன்றை மகிழ்ச்சியாகவும் இன்னொன்றை எரிச்சலாகவும் கொண்டதைப் பதிவு செய்தார்கள். ஓலைச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. சுவடியில் ஏடெழுதுவோர் செய்த மாற்றம் அடுத்த படியில்தான் இறங்கும். முந்தைய படி பிழைத்திருக்கும். இங்கே மூலப்படியே ஓரிரவில் மாறிவிடுகிறது.

உருவத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி தமிழுக்குப் பழையது. மகரக் குறுக்கத்துக்கு எழுத்தின் உள்ளே ஒரு புள்ளி இட வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். நமக்குத் தெரிந்த சிறப்புக் குறிகளில் மிகப் பழையது அதுவாகத்தான் இருக்கும். இன்றைய கைபேசி எதிலும் அதைத் தட்டெழுத வழியில்லை. ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள் ஏடெழுதுவோர். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவர்தாம் கூட்டிப் படித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு உருவம் கண்டார். பெரியார் 1935இல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையாக்கியது. துதிக்கை தூக்கிய பழைய லைகாரமும் இன்றைய லைகாரமும் ஒருங்குறியில் ஒரே எண்கள்தாம். பழைய நூலொன்றைப் பழைய உருவிலேயே காட்ட விரும்புவோர் அதற்கென எழுத்துரு தேட வேண்டும். ஆயினும் அந்த மாற்றங்கள் எல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வந்தன. ஆணைக்கு நாள் உண்டு, எதிர்த்து எழுதியவர்கள் உண்டு, வாதம் நடந்தது. இன்று மாற்றம் செயலியின் புதுப்பிப்போடு ஓசையின்றி வந்து அமர்ந்துகொள்கிறது.

மாணவியின் கவிதைக்கு வருவோம். குறியை நீக்கி இடம் மட்டும் விட்டுவிடலாமே என்று கேட்டோம். "வெறும் இடம் விட்டா கவிதை முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுருவாங்கய்யா. ஒவ்வொரு நாளும் போகணும்" என்றார். படமாக்கி அனுப்பலாம், உருவம் மாறாது. ஆனால் படத்துக்குள் போன எழுத்தைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அதில் ஒன்றும் கேட்காது. துறையில் பார்வையற்ற மாணவர் இருவர் உண்டு. அவர்களும் கேட்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

விடை தமிழ்க் கட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2003இல் வெளியான ஒருங்குறியின் நான்காம் பதிப்பில் தமிழின் பழைய கணக்குக் குறிகள் எட்டு சேர்க்கப்பட்டன: நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண். பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் கணக்குப்பிள்ளைகள் எழுதிவந்த சுருக்கங்கள் அவை. நாள் என்பதற்கு உரிய குறி ௳. அதற்கு வண்ண உருவம் யாரும் வரையவில்லை. எனவே எழுத்தின் நிறத்திலேயே நிற்கும். சூரியனுக்குப் பதிலாக அதை இட்டு மூன்று கைபேசிகளிலும் பார்த்தோம். மூன்றிலும் கறுப்பாக, அடக்கமாக நின்றது. 2019இல் ஒருங்குறியில் சேர்ந்த முந்திரி, காணி முதலிய 51 பழங்குறிகளை இப்படி நம்பிப் பயன்படுத்த முடியாது. எழுத்துரு இல்லாத கைபேசியில் கட்டம்தான் மிஞ்சும். எட்டுக் குறிகளுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

கவிதை இரண்டாம் முறை போயிற்று. இளையோர் சிலர், 'இது என்ன எழுத்து?' என்று கேட்டனர். சித்தப்பா கேட்கவில்லை. நிலப்பத்திரம் படித்துப் பழகியவருக்கு அது தெரிந்திருந்தது. "ஐந்து நாளும் இருந்தேன் தாயி" என்று மட்டும் சொன்னாராம்.

எல்லாக் கவிதைக்கும் இப்படி ஒரு பழங்குறி கைகொடுக்காது. ஆதலால் மாணவர்க்கு நாம் சொல்வது எளியது. அனுப்புமுன் வேறொருவர் கைபேசியில் ஒருமுறை பாருங்கள். வண்ணம் கூடாதென்றால் 15ஆம் தெரிவியை இட்டு வையுங்கள். மதிக்கும் செயலிகள் மதிக்கட்டும். உயிரான பொருளைக் குறியின் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். குறி தவறினாலும் சொல் தாங்கும்படி எழுதுங்கள். செயலி ஆக்குவோரிடம் கேட்பது இன்னும் எளியது. எழுதியவர் கேட்ட உருவத்தைக் கொடுங்கள். கொடுக்க இயலாவிட்டால், அவர் இட்ட புலப்படாக் குறியையாவது அழிக்காமல் அடுத்தவரிடம் சேர்த்துவிடுங்கள்.

நம் முன்னோர் கடிதத்தின் தலையில் இட்ட பிள்ளையார் சுழிக்கு ஒருங்குறியில் தனி எண் கிடையாது. உகரத்தைத்தான் இடுகிறோம். தாளின் உச்சியில், நடுவில், தனியே நிற்பதால் அது சுழி ஆகிறது. வரிக்குள் வந்தால் வெறும் உகரம். இந்த வேறுபாட்டை எழுதுபவரும் அறிவார், படிப்பவரும் அறிவார். எந்தச் செயலியும் இதுவரை அதற்கு மஞ்சள் பூசவில்லை.